என்கேஜ் அண்ணனும் வாவிக்குள் போன நம்பரும்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் அதிகமாக போன் வருகிறவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், மந்திரிமாரும் டொக்டர்மாரும் கலியாணத் தரகர்மாரும் இரண்டாம் இடத்துக்குத்தான் அடிபட வேண்டும். முதலாம் இடம் எங்கள் கந்தோரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், ஸ்டோர் கீப்பராக இருக்கிற என்கேஜ் அண்ணனுக்கு. பதினொரு வருடம் அவரோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவன் நான். இதை எங்கே வேண்டுமானாலும் வந்து கையெழுத்துப் போட்டுச் சொல்வேன்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். என்கேஜ் என்ற பெயரை வைத்தவர் கந்தோரில் எங்களுக்கு மேலதிகாரியாக இருந்த பழைய பெரியவர். ஒருநாள் உரம் ஏற்றிய லொறி களஞ்சியத்து வாசலில் வந்து நிற்கிறது, பூட்டுத் திறப்பை வைத்திருக்கிற அண்ணனைக் காணவில்லை. பெரியவர் அவருக்கு போன் எடுத்தார். (எங்கள் பக்கத்தில் போன் எடுப்பது என்றால் நாமாக ஒருவரை அழைப்பது. வந்த அழைப்பைத் தூக்குவது வேறு.) மூன்று தரம் எடுத்தார். மூன்று தரமும் லைன் என்கேஜ்.

"அந்த மனுசன் எந்நேரமும் என்கேஜ்!" என்று பெரியவர் போட்ட சத்தத்தில் லொறிக்காரனே இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு பெரியவரும் சரி, நாங்களும் சரி, அவருக்கு போன் எடுத்ததே இல்லை. எடுத்துத்தான் என்ன பயன்? வாசகர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நான் இந்த இடத்துக்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

எங்கள் கந்தோர் வாவிக்கு மேற்கே, மண்டூர் தாண்டி, வட்டைகளுக்கு நடுவே இருக்கிறது. மூன்று பக்கமும் நெல் வயல், நாலாம் பக்கம் ஒரு மருதமரம். நெல், உரம், வாய்க்கால் என்று வருகிற சண்டைகளை எழுத்தில் பதிவதுதான் எங்கள் வேலை. சரியாகக் காலை பத்தேகாலுக்கு அண்ணனின் சட்டைப்பையில் கெட்டிமேளம் முழங்கும். அதுதான் அவருடைய ரிங்டோன். தாலி கட்டும்போது அடிக்கிற அதே அடி. முதல் அடியிலேயே அவர் எழும்பி, "சொறி, முக்கியமான ஆள் ஒராள்," என்று எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மருதமரத்தடிக்குப் போய்விடுவார். மறுபடி பன்னிரண்டு மணிக்கு ஒன்று. மூன்று மணிக்கு ஒன்று. கூட்டம் நடக்கிற நாட்களில் இன்னும் இரண்டு கூடும்.

மரத்தடியில் அவர் கதைக்கிற அழகு இருக்கிறதே, அதைப் பார்க்கவே நான் யன்னலோரத்து மேசையை விட்டுக்கொடுக்காமல் இருந்தேன். "இல்ல இல்ல, அந்தக் காணிய அவசரப்பட்டுக் குடுத்திடாதீங்க, நான் வந்து பேசுறன்." "மாப்பிள்ளைப் பகுதி என்ன சொல்லுது? ஓம்... ஓம்... அப்பிடியா?" ஒரு கை காற்றில் எழுதும், அழிக்கும். சில நாள் அந்தப் பக்கத்து ஆள் நல்ல பகிடி ஒன்று சொல்லியிருக்க வேண்டும், அண்ணன் மரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். சில நாள் சண்டை. "இனி எனக்கு எடுக்க வேணாம்!" என்று பட்டென்று வெட்டிவிட்டு வந்து உர மூட்டைகளை எண்ணிக்கொண்டிருப்பார். இரண்டு நாளில் ராசியாகிவிடுவார்கள்.

யார் அந்த முக்கியமான ஆள் என்று நாங்கள் கேட்காமலில்லை. "சொன்னா உங்களுக்கு விளங்காது," என்பார். நாங்களும் விட்டுவிட்டோம். அரசாங்க உத்தியோகத்தில் விளங்காத விஷயத்தை விட்டுவிடுவதுதானே முதல் தகைமை.

அப்படி விடாத ஒருத்தி வந்து சேர்ந்தாள். ரிஸ்னா, காத்தான்குடிப் பிள்ளை, புதிதாக வந்த உத்தியோகத்தர். அவளுடைய நானா, அதாவது மூத்த சகோதரர், போன் கடை வைத்திருந்தார். ஆகவே போன் சம்பந்தமாக உலகத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவள் கட்சி. வந்த முதல் கிழமையே எல்லாரும் "என்கேஜ் அண்ணன், என்கேஜ் அண்ணன்" என்று சொல்வதைக் கேட்டாள். பத்தேகாலுக்குக் கெட்டிமேளம் கேட்டாள். மரத்தடியில் சிரிப்பதைப் பார்த்தாள். மூன்றையும் கூட்டிக் கணக்குப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை தேத்தண்ணி நேரம், எல்லாருக்கும் முன்னால் கேட்டாள்: "அண்ணனுக்கு எப்ப கலியாணம்?"

ஐம்பத்தேழு வயதில், தலையில் பாதி காலி செய்து கொடுத்துவிட்ட மனிதர், கையிலிருந்த விசுக்கோத்து தேத்தண்ணிக்குள் விழுந்தது கூடத் தெரியாமல் நின்றார். "ஆருக்கு?"

"உங்களுக்குத்தான். என்கேஜ்மென்ட் முடிஞ்சிட்டு என்டு எல்லாரும் சொல்றாங்களே. எவ்வளவு காலமா காத்திரிக்கிறாங்க அவங்க?"

நாங்கள் சிரித்த சிரிப்பில் வட்டைக்குள் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. அண்ணன் கரண்டியால் விசுக்கோத்தைத் தேடிக்கொண்டே, "அதெல்லாம் இல்ல புள்ள," என்றார். அவர் மட்டும் சிரிக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

இனி பாதைக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தெருவல்ல. வாவியைக் கடக்கிற மிதவை. குருமண்வெளியில் ஏறினால் மண்டூரில் இறக்கிவிடும். ஆட்கள், மோட்டார் சைக்கிள்கள், கோழிக்கூடு எல்லாம் ஒன்றாக நிற்கும். அண்ணனும் நானும் ரிஸ்னாவும் தினமும் அதில்தான் போய்வந்தோம். ஒருநாள் காலை ஆசிரியைமார் ஒரு கூட்டம் ஏறியிருந்தது. பெண்கள் கூட்டத்தைக் கண்டால் அண்ணனுக்குப் பத்தேகாலுக்கு முன்னரே கோல் வருவது வழக்கம்.

அவரிடம் இரண்டு போன் இருந்தது. ஒன்று லண்டனில் இருக்கிற தங்கச்சி அனுப்பிய விலை கூடிய பெரிய போன், சட்டைப்பையில் இருப்பது. மற்றது பொத்தான் வைத்த பழைய சின்னப் போன், காற்சட்டைப்பையில். அதைக் களஞ்சியத்து இருட்டுக்கு டோர்ச் அடிக்க வைத்திருப்பதாகச் சொல்வார். நாங்களும் அதை "டோர்ச் போன்" என்போம். அன்று பாதையில் அந்த டோர்ச் போனைப் பகல் வெளிச்சத்தில் வெளியே எடுத்து எதையோ அமத்தினார். சட்டைப்பையில் கெட்டிமேளம் தொடங்கியது. அதே நேரம் யாரோ திருப்பிய மோட்டார் சைக்கிளின் கண்ணாடி அவர் முழங்கையில் இடித்தது. டோர்ச் போன் துள்ளி வாவிக்குள் போனது. ஒரு சின்னக் குமிழி வந்தது, அவ்வளவுதான்.

கெட்டிமேளம் பாதியில் நின்றுவிட்டது. அண்ணன் பெரிய போனைக் காதில் வைத்து, "ஹலோ... ஹலோ..." என்றபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். விழுந்தது ஒரு போன், நின்றது மற்றதன் மணி. மூளையுள்ள எவனும் அந்த இடத்தில் பிடித்திருப்பான். நான் பக்கத்திலேயே நின்றேன். கவனிக்கவில்லை.

அன்று பத்தேகாலுக்கு ஒன்றும் அடிக்கவில்லை. பன்னிரண்டுக்கும் இல்லை, மூன்றுக்கும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. கந்தோரில் மணிக்கூடு நின்றுபோனது போல இருந்தது. தேத்தண்ணி போடுகிறவருக்கு நேரம் தவறியது. அண்ணன் பத்தேகாலுக்குத் தானாகவே எழும்பி மரத்தடிக்குப் போவார், கொஞ்ச நேரம் நிற்பார், திரும்பி வருவார். இரண்டாவது கிழமை அதுவும் நின்றது. களஞ்சியத்துக்குள் போனால் வெளியே வரமாட்டார்.

ரிஸ்னா பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "என்ன அண்ணன், ஒரு கோலையும் காணல்ல?"

"அந்த நம்பர் போனதோட கோலும் போயிற்று புள்ள," என்றார்.

இதைவிட உண்மையாக ஒரு மனிதன் பேச முடியாது. நாங்கள்தான் பிழையாக விளங்கிக்கொண்டோம். ஊரில் உள்ள முக்கியமான ஆட்களிடமெல்லாம் வாவிக்குள் போன அந்த நம்பர்தான் இருக்கிறது, பாவம், எல்லாரும் எடுத்து எடுத்துப் பார்த்துக் களைத்திருப்பார்கள் என்று நினைத்தோம். ரிஸ்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுக்குப் போய்க் கவலைப்படுறீங்களே! அந்த நம்பரையே திருப்பி எடுக்கலாம். உங்கட பெரிய போன்ல ஒரு சிம் போடத்தான் இடம் இரிக்கி, மத்தத இ-சிம்மாப் போடுவம்."

"ஈ சிம்மா?" அண்ணன் கையால் ஒரு ஈயைத் துரத்திக் காட்டினார்.

"காட் இல்லாத சிம் அண்ணன். கண்ணுக்குத் தெரியாது. கழலாது, துலையாது, தண்ணிக்குள்ளயும் விழாது. ஆனா எல்லாப் போனுக்கும் சரிவராது. தாங்க பாப்பம்." போனை வாங்கி நட்சத்திரம், வேலி, பூச்சியம், ஆறு என்று ஏதோ அமத்தினாள். திரையில் ஒரு நீள இலக்கம் வந்தது. அதன் முன்னால் ஆங்கிலத்தில் ஈ, ஐ, டி என்று மூன்று எழுத்து. ரிஸ்னா கதிரையை விட்டுத் துள்ளினாள். "ஈத் இரிக்கி! அண்ணன், உங்கட போன்ல ஈத் இரிக்கி!"

"பெருநாள் போன மாசம் முடிஞ்சுதே புள்ள. வட்டிலப்பமும் தந்தாயே," என்றார் அண்ணன்.

அந்த மூன்று எழுத்து இருந்தால் அந்தப் போன் இ-சிம்முக்குச் சரி என்று அர்த்தமாம். அவள் நானாவின் கடையில் அதை எல்லாரும் ஈத் என்றுதான் சொல்வார்களாம். அண்ணன் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். வேண்டாமென்றால் ஏன் என்று கேட்பாளே! அதனால், "பிறகு பாப்பம்," என்றார். ரிஸ்னாவிடம் பிறகு என்ற சொல் செல்லாது. சனிக்கிழமை அவரைப் பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற பொறுப்பை என் தலையில் கட்டினாள். தனியே போனால் வாசலோடு திரும்பிவிடுவார் என்று அவளுக்குப் பயம்.

போன் கம்பனிக் கிளையில் டோக்கன் எடுத்துக் குந்தினோம். அண்ணன் அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டை போட்டு, அடையாள அட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். எங்கள் இலக்கம் வந்ததும் கவுண்டருக்குப் போனோம். அங்கிருந்த பிள்ளை நல்ல மரியாதை. அட்டையைப் பார்த்தது, போனைப் பார்த்தது, எல்லாம் சரி என்றது. பிறகு கேட்டது:

"இந்த நம்பரால கடைசியா நீங்க எடுத்த ஒரு அஞ்சு நம்பர் சொல்லுங்க ஐயா. சிம் உங்கடதானா என்டு பாக்கத்தான்."

அண்ணன் தன் பெரிய போனின் நம்பரைச் சொன்னார். பிள்ளை தட்டிப் பார்த்துத் தலையாட்டியது. "சரி. அடுத்தது?"

அண்ணன் மேசையைப் பார்த்தார்.

"ஞாபகம் இருக்கிறதச் சொல்லுங்க ஐயா. இன்னும் ரெண்டு சொன்னாலும் போதும்."

"வேற இல்ல மகள்."

பிள்ளை திரையை மேலே தள்ளியது, கீழே தள்ளியது. மறுபடி மேலே தள்ளியது. "ஓம் ஐயா, இந்த ஒரு நம்பருக்குத்தான் எடுத்திருக்கீங்க. ஒவ்வொரு நாளும். வேற நம்பரே இல்ல." பிறகு, கேட்க வேண்டியதாலா தெரியாமலா என்று எனக்கு இன்றும் தெரியாது, "இது யாருட நம்பர் ஐயா?" என்று கேட்டது.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "என்ட," என்றார்.

கடந்த பதினொரு வருடமும் என் தலைக்குள் ஒருமுறை ஓடி முடிந்தது. காணி, மாப்பிள்ளைப் பகுதி, சண்டை, ராசி. அந்தப் பக்கம் யாருமே சொல்லாத பகிடிக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு. பெரியவர் லொறிக்காக மூன்று தரம் எடுத்தது ஞாபகம் வந்தது. எனக்குத் தெரிந்து அவருக்கு உண்மையாக வந்த கோல் அதுதான். அது வந்த நேரம் அவர் தன்னோடு கதைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்காக அல்ல, எனக்காக.

கவுண்டர்ப் பிள்ளை சிரிக்கவில்லை. அவள் நன்றாக இருக்க வேண்டும். தலையைக் குனிந்து தட்டிக்கொண்டே, "சரி ஐயா, உங்கட சிம்தான்," என்று மட்டும் சொல்லி, கட்டம் கட்டமாகக் கறுப்பு அச்சடித்த ஒரு தாளை நீட்டியது. அண்ணன் சிம் காட்டுக்கு இன்னும் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"காட் இல்ல ஐயா. இந்தப் படத்த உங்கட போனுக்குக் காட்டினா சரி. சிம் ஏற்கனவே போனுக்குள்ள இருக்கு."

"எப்ப இருந்து?"

"போன் செய்யக்குள்ளயே வெச்சிருப்பாங்க."

"அப்ப நாலு வருசமா என்ட சட்டைப்பைக்குள்ளதான் இருந்திருக்கு, எனக்குத்தான் தெரியா," என்றார் அண்ணன். அந்த நேரத்திலும் பகிடி விட்டார் மனிதர். நானும் பிள்ளையும் தேவைக்கு அதிகமாகவே சிரித்தோம்.

சனி பின்னேரம் கந்தோரில் உரக்கணக்கு வேலை கொஞ்சம் பாக்கி இருந்ததால் இருவரும் அப்படியே பாதை ஏறினோம். ஆட்கள் அதிகமில்லை. நடு வாவியில், போன் விழுந்த இடம் அதுதான் என்பது போலத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அம்மா இருக்கக்குள்ள ஒவ்வொரு நாளும் பத்தேகாலுக்கு எடுப்பா மனே. சாப்பிட்டியா என்டு கேக்க. அம்மா போன புறகு போன் அடிக்கல்ல. எட்டு நாள் பாத்தன். ஒருவேள போன்தான் பழுதோ என்டு, டோர்ச் போனால ஒருக்கா அடிச்சுப் பாத்தன். கெட்டிமேளம் அடிச்சிது. அட, வேல செய்யுதே என்டு ஒரு சந்தோசம். அடுத்த நாளும் பாத்தன்."

"ஆருக்காவது நீங்க எடுத்திருக்கலாமே அண்ணன். தங்கச்சிக்கு, எங்களுக்கு..."

"விசயம் இல்லாம எப்பிடி மனே எடுக்கிற? எடுத்தா என்ன விசயம் என்டு கேப்பாங்க. எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லயே." கரை கிட்ட வந்ததும், "ரிஸ்னாட்டச் சொல்லாத," என்றார்.

சொல்லவில்லை. திங்கட்கிழமை பத்தேகாலுக்கு ரிஸ்னா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் களஞ்சியத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஒன்றும் அடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தலையை நீட்டி, என்னைக் கையால் கூப்பிட்டார். உர மூட்டைகளுக்கு நடுவே நின்று போனை என் காதில் வைத்தார். ஒரு பெண்குரல் சிங்களத்தில் ஏதோ சொன்னது. பிறகு தமிழில், நீங்கள் அழைத்த இலக்கத்தை இப்போது அடைய முடியாதுள்ளது என்றது. பிறகு ஆங்கிலத்தில் அதையே சொன்னது.

"ஏன் மனே அடிக்குதில்ல?"

"ரெண்டு லைனும் ஒரே போனுக்குள்ள அண்ணன். ஒண்டால நீங்க எடுக்கக்குள்ள மத்தது வேல செய்யாது."

"அப்ப எனக்கு நானே எடுக்க ஏலாதா?"

"ஏலாது."

தன்னைத் தானே அடைய முடியாது என்று மூன்று மொழியில் அறிவித்தல் கேட்ட மனிதர் இந்த நாட்டில் வேறு யாரும் இருக்க மாட்டார். அவர் போனை வாங்கி இன்னொரு தரம் எடுத்து, மூன்று மொழியும் முடியும் வரை கேட்டுவிட்டுப் பைக்குள் போட்டார். இன்னொரு டோர்ச் போன் வாங்கி வேறு சிம் போடலாமே என்றேன்.

"வேணாம். நீ இப்ப அறிஞ்சிட்டாய். அறிஞ்ச ஒராள் யன்னலால பாத்துக்கொண்டு இருக்கக்குள்ள நான் எப்பிடி மனே சிரிக்கிற?"

நான் என் போனை வெளியே எடுத்தேன். "உங்கட நம்பரத் தாங்க அண்ணன்," என்றேன்.

"உன்ட போன்ல என்ட நம்பர் இல்லயா?"

"நீங்க எப்பவும் பிஸிதானே."

பதினொரு வருடம் ஒரே பாதையில் வந்துபோன மனிதரின் நம்பரை அன்றுதான் என் போனில் பதிந்தேன். இரண்டு நம்பரையும் பதிந்தேன். என்ன பெயர் போடுவது என்று யோசித்து, "முக்கியமான ஆள்" என்று போட்டேன்.

அடுத்த நாள் பத்தேகாலுக்கு மேசைக்குக் கீழே போனை வைத்து அமத்தினேன். கெட்டிமேளம் முழங்கியது. கந்தோரே நிமிர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! இ-சிம் வேல செய்யுது!" என்று ரிஸ்னா கைதட்டினாள். அண்ணன் பதறி எழும்பி, "சொறி, முக்கியமான ஆள் ஒராள்," என்று சொல்லிக்கொண்டே மரத்தடிக்கு ஓடினார். நான் ஒரு பைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"ஓம், சொல்லுங்க!"

"அண்ணன், நான்தான்."

"தெரியும். மெல்லக் கதை, ரிஸ்னா கேட்டுருவா."

"என்ன கதைக்கிற?"

"என்னத்தயாவது கதை. நான் கைய ஆட்டணும்."

சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. மரத்தடியில் ஆடத் தொடங்கிய கை அப்படியே நின்றது. "ஓம் மனே. புட்டும் மீனாணமும்," என்றார் மெதுவாக. மீன்குழம்பைத்தான் நாங்கள் மீனாணம் என்போம். அன்று அந்த மீனைப் பற்றியே ஐந்து நிமிடம் கதைத்தோம்.

ஒரு மாதத்தில் மனிதருக்குப் பழைய திமிர் எல்லாம் திரும்பிவிட்டது. நான் எடுத்தால், "மனே, இப்ப கொஞ்சம் பிஸி, மறுகா எடு," என்று வெட்டிவிடுவார். எடுக்காமல் விட்டால் யன்னலைக் கடந்து போகும்போது தொண்டையைச் செருமுவார். பகிடி நன்றாக இல்லாவிட்டால் சிரிக்கவும் மாட்டார். "முந்தி எடுத்த ஆள் உன்ன விட நல்லாச் சொல்லுவான்," என்று ஒருநாள் என் முகத்துக்கு நேரே சொன்னார்.

பிறகு எனக்கு இடமாற்றம் வந்தது. கொழும்பு. வெள்ளவத்தையில் ஒரு அறை. ஒரு யன்னல், அதைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். எனக்கும் இந்த வயதில் குடும்பம் என்று ஒன்றுமில்லை என்பதை இதுவரை இந்தக் கட்டுரையில் சாமர்த்தியமாக மறைத்து வந்திருக்கிறேன். என் போனில் வருவதெல்லாம் கடன் தருகிறோம் என்கிற பெண்குரலும் தள்ளுபடி விளம்பரமும்தான். ஒருமுறை அந்தப் பெண்குரலோடு ஏழு நிமிடம் கதைத்தேன். கடன் வேண்டியிருக்கவில்லை.

பத்தேகாலுக்கு அண்ணனுக்கு எடுப்பதை மட்டும் விடவில்லை. எப்போதும் நானாகத்தான் எடுப்பேன். அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. "எனக்கு வாறதுதான், நான் எடுக்கிற ஆள் இல்ல," என்பார். இ-சிம்மில் இருக்கிற அந்த வாவி நம்பர் சும்மா கிடந்தது. அது பிறந்ததிலிருந்து ஒரேயொரு நம்பருக்குத்தான் எடுத்துப் பழகியது.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். அறையில் தனியாகக் கிடந்தேன். தண்ணீர் எடுத்துத் தரவும் ஆளில்லை. கண் விழித்துப் பார்த்தால் பத்து நாற்பது. பதறி அண்ணனுக்கு எடுத்தேன், மூன்று மொழியிலும் அடைய முடியாது என்றது; வாவி நம்பருக்கு எடுத்தேன். என்கேஜ். ஐந்து நிமிடம் பொறுத்து எடுத்தேன். என்கேஜ். எனக்கு உண்மையிலேயே பொறாமை வந்தது. என்னை விட நல்ல பகிடி சொல்கிற யாரோ கிடைத்துவிட்டார்கள், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். மூன்றாம் தரம் எடுக்கப் போனபோதுதான் போனில் வந்து கிடந்த தகவல்களைக் கண்டேன். தவறிய அழைப்புகள் ஒன்பது. ஒன்பதும் வாவி நம்பரிலிருந்து.

நான் அவருக்கு எடுத்த நேரமெல்லாம் அவர் எனக்கு எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அடித்தது.

"என்ன மனே இது, உனக்கு எடுத்தா எந்நேரமும் என்கேஜ்!" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஏச்சு வந்தது. அவருக்குப் பின்னால் மருதமரத்துக் கிளிகள் கத்திக்கொண்டிருந்தன.

"என்ன விசயம் அண்ணன்?" என்று கேட்டேன்.

தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது.

"விசயம் ஒண்டுமில்ல," என்றார். "சும்மா எடுத்தன். சாப்பிட்டியா?"

அந்தக் கிழமை ஏழு நாளும் என்னைத் தேடி வந்த ஒரே கோல் அதுதான்.